முழுமைப்பொருள் தொடர்கள்: ஆங்கில வழக்கும் தமிழ் வழக்கும்

0. முன்னுரை

ஒரு பொருளில் எதுவும் விடுபடவில்லை என்பதை உணர்த்தும் தேவை எல்லா மொழிகளுக்கும் உண்டு. தமிழில் 'எல்லாம்', 'முழுதும்', 'அனைத்தும்' போன்ற பொதுச்சொற்கள் இத்தேவையை நிறைவு செய்யப் போதுமானவை. எனினும் பேச்சு வழக்கு இச்சொற்களோடு அமைதி கொள்வதில்லை. 'எல்லாரையும் நீக்கினார்கள்' என்பதைவிடக் 'கூண்டோடு நீக்கினார்கள்' என்பதும், 'முழுவதையும் சொன்னான்' என்பதைவிட 'ஆதியோடந்தமாகச் சொன்னான்' என்பதும் அழுத்தம் மிக்கவை. இத்தகைய தொடர்களை முழுமைப்பொருள் தொடர்கள் எனலாம்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் கொச்சை வழக்கில் உள்ள 'ஃபுல் மான்டி' என்னும் தொடர் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் பொருளையும் தோற்றம் பற்றிய கருத்துகளையும் விளக்கி, தமிழ் முழுமைப்பொருள் தொடர்களின் அமைப்போடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகியவை நாள்தோறும் கலந்து வழங்கும் பொம்மசந்திராப் பகுதியின் பேச்சு வழக்கிலிருந்து சில எடுத்துக்காட்டுகளும் ஆராயப்படுகின்றன. முழுமைப்பொருள் தொடர் ஒவ்வொன்றும் எல்லை வகுக்கப்பட்ட ஒரு தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. அத்தொகுதியை அறியாமல் தொடரின் பொருளை முற்றாக உணர இயலாது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. 'ஃபுல் மான்டி': பொருளும் தோற்றக் கருத்துகளும்

'ஃபுல் மான்டி' என்பது ஒரு சூழலில் எதிர்பார்க்கத்தக்க அனைத்தும் அடங்கிய நிலையைக் குறிக்கும். ஒரு விருந்தில் எல்லா வகை உணவும் இருந்தாலும், ஒரு வாகனத்தில் எல்லா வசதிகளும் பொருத்தப்பட்டிருந்தாலும் இத்தொடரால் அதனைச் சுட்டலாம். இதில் 'ஃபுல்' என்பதன் பொருள் வெளிப்படை. 'மான்டி' என்பது இன்றைய பேச்சாளருக்குத் தனிப்பொருள் தராத சொல்.

இத்தொடருக்கான அச்சுச் சான்றுகள் 1980களின் நடுப்பகுதி முதல் அகராதிகளில் பதிவாகியுள்ளன. அதற்கு முன்பே பேச்சில் வழங்கியிருக்கக் கூடும். தோற்றம் பற்றி மூன்று கருத்துகள் பெரிதும் பேசப்படுகின்றன. முதலாவது, மான்டேகு பர்ட்டன் என்னும் ஆடை வணிகரைச் சார்ந்தது. 1885இல் லித்துவேனியாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இவர் லீட்ஸ் நகரை மையமாகக் கொண்டு பெரும் தையல் நிறுவனம் ஒன்றை வளர்த்தார். மேற்சட்டை, உட்சட்டை, காற்சட்டை என முழு உடையையும் அவரது கடையில் வாங்குவதே 'ஃபுல் மான்டி' எனப்பட்டது என்பர். இரண்டாவது, 1942இல் எல் அலமைன் போரில் வெற்றி பெற்றவரும் 'மான்டி' என்று அழைக்கப்பட்டவருமான படைத்தலைவர் மாண்ட்கோமரியைச் சார்ந்தது. போர்க்களத்திலும் அவர் முழுமையான ஆங்கிலக் காலை உணவை விரும்பினார் என்றும், அவ்வுணவுக்கு அவர் பெயர் வழங்கலாயிற்று என்றும் கூறுவர். மூன்றாவது, 'மான்டே' என்னும் சீட்டாட்டத்தோடு இதனைத் தொடர்புபடுத்துவது.

இம்மூன்றில் எதற்கும் அக்காலத்து எழுத்துச் சான்று காட்டப்படவில்லை. தையற்கடைக் கருத்து பலராலும் விரும்பப்படினும் அது நிறுவப்பட்டதன்று.

1997இல் வெளிவந்த 'தி ஃபுல் மான்டி' என்னும் திரைப்படம் இத்தொடரை உலகறியச் செய்தது. எஃகு ஆலைகளின் வீழ்ச்சியால் வேலையிழந்த ஷெஃபீல்டு நகரத் தொழிலாளர் சிலர், பணம் ஈட்டுவதற்காக மேடையில் உடைகளைக் களையும் நிகழ்ச்சி ஒன்றை நடத்துவதே அதன் கதை. படத்திற்குப் பின் 'ஆடை முழுவதையும் களைதல்' என்னும் சிறப்புப் பொருளும் இத்தொடருக்குப் பரவலாயிற்று. தையற்கடைக் கருத்து மெய்யாயின், முழுமையாக உடுத்திக்கொள்வதைக் குறித்த தொடர் முழுமையாகக் களைவதைக் குறிக்கலாயிற்று என்றாகும். செயல் தலைகீழாக மாறியும் முழுமை என்னும் கருப்பொருள் மாறவில்லை. எதன் முழுமை என்பதைச் சூழலே வரையறுக்கிறது.

2. கதையும் சான்றும்

முழுமைப்பொருள் தொடர்களைச் சுற்றித் தோற்றக் கதைகள் பெருகுவது ஏன் என்னும் வினா இங்கு எழுகிறது. அடிப்படைத் தொகுதி தெளிவாக இருக்கும் தொடர்களுக்குக் கதை தேவைப்படுவதில்லை. 'பூட்டும் கட்டையும் குழலும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்று முழுமையைக் குறிக்கிறது. அவை பழைய துப்பாக்கியின் மூன்று உறுப்புகள். மூன்றும் சேர்ந்தால் துப்பாக்கி முழுமை பெறும்.

இந்தியில் வழங்கும் 'பதினாறு அணா' என்னும் தொடரும் அத்தகையதே. 'பதினாறு அணா உண்மை' என்றால் முற்றிலும் உண்மை என்று பொருள். வங்காளத்திலும் இத்தொடர் உண்டு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் கணக்கு 1957 ஏப்ரல் 1ஆம் நாள் நூறு காசு முறைக்கு இடம் தந்தது. அணா மறைந்த பின்னும் தொடர் மறையவில்லை. நாணய வரலாறு எழுத்தில் உள்ளமையால் இதன் தோற்றம் பற்றி ஐயம் எழுவதில்லை. 'நூற்றுக்கு நூறு உண்மை' என்னும் தமிழ் வழக்கும் இதே வகையினது. இங்கு அடிப்படை விழுக்காட்டுக் கணக்கு.

அடிப்படை மறந்துபோகும்போதே கதைகள் பிறக்கின்றன. அமெரிக்க ஆங்கிலத்தில் 'முழு ஒன்பது கஜம்' என்னும் தொடர் இதற்குச் சிறந்த சான்று. இரண்டாம் உலகப் போரின் விமானத் துப்பாக்கிகளில் இருபத்தேழு அடி நீளமுள்ள தோட்டாப் பட்டை இருந்தது, அதுவே ஒன்பது கஜம் என்பது ஒரு கதை. கலவை இயந்திர வண்டி சுமக்கும் கான்கிரீட்டின் அளவு என்பது மற்றொன்று. தமிழர் நன்கறிந்த ஒன்பது கஜச் சேலையையும் மூலமாகக் காட்டுவாருண்டு. ஆனால் 1907ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் இத்தொடரின் ஒரு வடிவம் இடம்பெற்றுள்ளது. 1912இல் கென்டக்கி மாநில இதழ் ஒன்றில் 'முழு ஆறு கஜம்' என்னும் வடிவமும் காணப்படுகிறது. ஆகவே போர்க்காலக் கதை காலத்தால் பொருந்தாது. எண்ணே ஆறு எனவும் ஒன்பது எனவும் மாறி வருவதால், குறிப்பிட்ட ஒரு பொருளின் நீளத்தில் தோற்றம் தேடுவதும் ஐயத்திற்குரியதாகிறது.

பொருத்தமாகத் தோன்றும் கதை சான்றாகாது. தமிழ்ச் சொற்பிறப்பு ஆய்விலும் இவ்வெச்சரிக்கை தேவை. தோற்றம் தெரியாத தொடருக்கும் வழக்கு உண்டு. அவ்வழக்கை நுணுகி விளக்குவது கதை ஒன்றை ஏற்றுக்கொள்வதைவிடப் பயனுடையது.

3. தமிழில் முழுமையை உணர்த்தும் முறைகள்

தமிழ் முழுமைப்பொருள் தொடர்களை அமைப்பு நோக்கில் நான்காக வகைப்படுத்தலாம்.

3.1 உம்மை

தொல்காப்பியம் உம் என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று முற்று. மேலும், இத்தனை என்று எண்ணிக்கை அறியப்பட்ட உறுப்பையோ முதலையோ சொல்லும்போது உம்மை வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. ஒரு வண்டிக்கு நான்கே சக்கரங்கள் எனின், அவை அத்தனையும் புதைந்த நிலையை 'வண்டியின் நான்கு சக்கரங்களும் சேற்றில் புதைந்தன' என்று உம்மையோடு சொல்லுதல் வேண்டும். 'நான்கு சக்கரங்கள் புதைந்தன' என்றால் வேறு சக்கரங்களும் இருக்கக் கூடும் என்னும் எண்ணம் எழும்.

இவ்விதி இக்கட்டுரையின் கருத்துக்கு அடிப்படையானது. தொகுதியின் எல்லை முன்பே அறியப்பட்டிருந்தால்தான் முற்றுப்பொருள் பிறக்கும் என்பதை அது உணர்த்துகிறது.

முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருள் தருவதையும் தொல்காப்பியம் சுட்டுகிறது. எதிர்மறைத் தொடர்களில் இது தெளிவாகப் புலப்படும். 'நான்கு சக்கரங்களும் புதையவில்லை' என்பதற்கு ஒன்றுகூடப் புதையவில்லை என்றும், சிலவே புதைந்தன என்றும் இருவகையாகப் பொருள் கொள்ளலாம்.

3.2 ஓடு உருபு

வேரோடு, பூண்டோடு, அடியோடு, கூண்டோடு, மூட்டை முடிச்சோடு ஆகியவை இவ்வகையின. இவற்றில் மூன்றாம் வேற்றுமை உடனிகழ்ச்சி உருபு வந்துள்ளது. இவ்வுருபு ஏற்கும் பெயர்கள் எத்தகையன என்பது நோக்கத்தக்கது. செடியைப் பறிக்கும்போது வேர் பெரும்பாலும் மண்ணில் தங்கிவிடும். மரத்தை வெட்டினால் அடி நிற்கும். பறவையைப் பிடித்துச் சென்றால் கூண்டு எஞ்சும். இயல்பாகப் பின்தங்கக் கூடிய பகுதியும் உடன் சென்றது என்பதால் எதுவும் எஞ்சவில்லை என்னும் பொருள் பிறக்கிறது. எனவே இத்தொடர்கள் அழி, ஒழி, பிடுங்கு, நீக்கு, மற, வெளியேறு போன்ற நீக்கப்பொருள் வினைகளையே மிகுதியும் விரும்புகின்றன. செய்தித்தாள்களின் 'கூண்டோடு கைது', 'கூண்டோடு ராஜினாமா' ஆகியன இதற்குச் சான்று. 'அடியோடு மாறிவிட்டான்' என்பதிலும் பழைய நிலை நீங்கியமையே கருத்து.

3.3 எல்லைச் சொற்கள்

'தலை முதல் கால் வரை', 'அகரம் முதல் னகரம் வரை', 'ஆதியோடந்தம்' ஆகியவற்றில் தொகுதியின் இரு முனைகளும் சுட்டப்பட்டு, இடைப்பட்டவை அடக்கப்படுகின்றன. ஆதியோடந்தம் என்பதில் ஓடு உருபு இருப்பினும் பொருளால் அது இவ்வகையைச் சாரும். இவை பார், சொல், கேள், விசாரி, ஆராய் போன்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் வினைகளோடு இயைகின்றன. 'ஆதியோடந்தமாக விசாரித்தார்' என்பது இயல்பு. 'ஆதியோடந்தமாக அழித்தார்' என்பது வழக்கன்று.

வீடு வாசல், காடு கரை, நகை நட்டு முதலிய இணைமொழிகளையும் இங்கே கருதலாம். 'வீடு வாசலை இழந்தான்' என்பதில் வாசல் தனியாக இழக்கப்பட்ட பொருளன்று. இரு சொற்களும் சேர்ந்து குடியிருப்பு உடைமை முழுவதையும் வளைத்து நிற்கின்றன.

3.4 விடுபாடு மறுத்தல்

'ஒன்று விடாமல்', 'ஒன்று குறையாமல்', 'பாக்கி இல்லாமல்' ஆகியவை விதிவிலக்கை மறுப்பதன் மூலம் முழுமையை உணர்த்துகின்றன. இவ்வகைக்கு அடிப்படைப் பொருள் எதுவும் தேவையில்லை. எனவே எல்லா வகை வினைகளோடும் இவை எளிதில் இயைகின்றன.

4. இயைபும் மொழிபெயர்ப்பும்

மேற்கண்ட பாகுபாடு மொழிபெயர்ப்பில் உடனடியாகப் பயன்படுவது. 'ஃபுல் மான்டி' பெரும்பாலும் பெறுதல், தருதல், அடங்கியிருத்தல் ஆகிய பொருளுடைய வினைகளோடு வருவது. அதற்கு ஈடாக 'அடியோடு' என்றோ 'கூண்டோடு' என்றோ எழுதினால் முழுமைப்பொருள் இருக்கும். ஆயினும் நீக்கப்பொருள் புகுந்து வாக்கியத்தைக் கெடுக்கும். 'ஒன்று குறையாமல்', 'சகலமும்' போன்றவை பொதுவாகப் பொருந்தும். உணவைப் பற்றிய இடமாயின் 'தலைவாழை இலை போட்டு' என்னும் வழக்கு அதே அழுத்தத்தைத் தரும். ஏனெனில் தலைவாழை இலையும் உப்பு முதல் பாயசம் வரை அறியப்பட்ட ஒரு தொகுதியை நினைவூட்டுவது. உடையையோ வாகனத்தையோ பற்றிய இடத்தில் அது பொருந்தாது.

உடன்பாடு, எதிர்மறை என்னும் வேறுபாடும் கருதத்தக்கது. 'சுத்தமாக' என்னும் சொல் பேச்சுத்தமிழில் 'முற்றிலும்' என்று பொருள்படும். 'சுத்தமாகப் பிடிக்கவில்லை', 'சுத்தமாக மறந்துவிட்டது' என்பன இயல்பானவை. 'சுத்தமாகப் பிடித்திருக்கிறது' என்று எவரும் கூறார். 'அறவே' என்பதும் பெரும்பாலும் இவ்வாறே இன்மையையும் நீக்கத்தையும் சார்ந்து வருகிறது. அகராதிகள் இச்சொற்களுக்கு 'முழுவதும்' என்று மட்டும் பொருள் எழுதினால், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர் தவறான வாக்கியங்களையே அமைப்பர். 1992இல் முதற்பதிப்பாக வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சொற்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கும் முறையை மேற்கொண்டது. முழுமைப்பொருள் தொடர்களுக்கு அம்முறை இன்றியமையாதது.

5. பொம்மசந்திராவின் பேச்சு வழக்கு

பொம்மசந்திரா பெங்களூரின் தெற்கே ஓசூர்ச் சாலையில் ஆனேக்கல் வட்டத்தில் அமைந்த தொழிற்பகுதி. இச்சாலை அத்திப்பள்ளியைக் கடந்து தமிழ்நாட்டின் ஓசூரை அடைகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தின் தென்முனையும் இங்கேயே உள்ளது. எல்லைக்கு அண்மையில் உள்ளமையால் தமிழும் கன்னடமும், தொழிற்கூடங்களால் இந்தியும் ஆங்கிலமும் இங்கு ஒருங்கே வழங்குகின்றன. இத்தகைய சூழலில் வழங்கும் தமிழில் முழுமையைக் குறிக்க 'முழுக்க', 'பூரா', 'ஃபுல்லா' என்னும் மூன்று சொற்கள் அருகருகே நிற்கின்றன. இவற்றில் இரண்டு கடன் சொற்கள். மூன்றும் தமிழகப் பேச்சு வழக்கிலும் பரவலானவையே.

இந்தியில் 'பூரா' என்பது பெயரடையாகப் பெயருக்கு முன் வரும்; 'பூரா காவ்(ம்)' என்றால் முழுக் கிராமம். தமிழிலோ 'ஊர் பூரா', 'நாள் பூரா' என்று பெயருக்குப் பின் வருகிறது. 'ஊர் முழுதும்', 'நாள் முழுக்க' என்னும் தமிழ் அமைப்பில் கடன் சொல் அமர்ந்துகொண்டது. ஆங்கிலச் சொல்லும் இவ்வழியே சென்றுள்ளது. 'ஃபுல் மீல்ஸ்', 'ஃபுல் டேங்க்' என்று ஆங்கிலப் பெயரோடு ஒட்டி வந்த தொகைகளில் அது முன்னே நிற்கிறது. தமிழ்த் தொடராக்கத்தில் 'ஆக' ஈற்றின் பேச்சு வடிவத்தை ஏற்று 'வீடு ஃபுல்லா', 'நைட் ஃபுல்லா' என்று பின்னே செல்கிறது. சொல் மாறினும் தொடரமைப்பு மாறவில்லை.

கன்னடத்திலும் 'தின பூர்த்தி' என்று பெயருக்குப் பின் முழுமைச்சொல் வருவது உண்டு. பூரா, பூர்த்தி இரண்டும் வடமொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆனால் தமிழில் 'பூர்த்தி' என்பது 'பூர்த்தி செய்', 'பூர்த்தியாகு' என்று வினையோடு சேர்ந்து நிறைவேற்றலைக் குறிக்கிறது. கன்னடத்தில் அது 'முழுவதும்' என்னும் வினையடையாகவும் இயங்குகிறது. வடிவம் ஒன்றாக இருப்பினும் பயன்பாடு வேறு என்பதை இரு மொழியும் கற்பிப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

மற்றோர் ஒப்புமையும் குறிப்பிடத்தக்கது. தமிழ் 'ரொம்ப' என்பது 'நிரம்ப' என்பதன் திரிபு. கன்னட 'தும்பா' என்பது நிரம்புதலைக் குறிக்கும் 'தும்பு' என்னும் வினையடியாகப் பிறந்தது. இரு மொழிகளிலும் நிறைதலைக் குறித்த வினை மிகுதியைக் குறிக்கும் சொல்லாகியுள்ளது. இவ்வாறு மிகுதியாக நீர்த்துப்போன பின், முழுமையை அழுத்திச் சொல்லப் புதிய சொற்கள் தேவைப்படுகின்றன. கடன் சொற்களின் வருகைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

6. 'ஃபுல் அண்ட் ஃபைனல்'

இதுகாறும் கூறியவற்றின் நடைமுறைப் பயனை ஒரு தொடரால் விளக்கலாம். தொழிலாளர் ஒருவர் வேலையிலிருந்து விலகும்போது 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்னும் கணக்குத்தாளில் கையொப்பம் இடுவது தொழிற்பகுதிகளில் நாடெங்கும் உள்ள வழக்கம். பேச்சில் இது 'ஃபுல் அண்ட் ஃபைனல்' என்றே சுருங்கும். இத்தொடரில் இரு கூறுகள் உள்ளன. 'ஃபைனல்' என்பது காலத்தைப் பற்றியது: இத்துடன் கணக்கு முடிகிறது. 'ஃபுல்' என்பது தொகுதியைப் பற்றியது: பெற வேண்டிய அனைத்தும் இதில் அடங்கியுள்ளன.

தமிழில் இதனைக் 'கணக்கு முடித்தல்', 'கணக்குத் தீர்த்தல்', 'பைசல் பண்ணுதல்' என்பர். கன்னடத்தில் 'லெக்க சுக்தா' என்பர். இவை யாவும் முடிவையே முன்னிறுத்துகின்றன. எவை எவை அடங்கின என்பதை இவை சொல்வதில்லை. கணக்கு முடிந்தது என்று மட்டும் அறிந்து கையொப்பம் இடுபவர், பெற வேண்டிய யாவற்றையும் பெற்றுக்கொண்டதாகவும் அதே கையொப்பத்தால் அறிவிக்கிறார் என்பதை உணராமல் போகலாம். மொழிபெயர்ப்பில் மறைந்தது ஒரு பெயரடை. ஆனால் அதில் அடங்கியிருப்பது ஒருவருடைய உழைப்பின் ஊதியம்.

முழுமை எந்தத் தொகுதியின் முழுமை என்னும் வினாவும் இங்கு எழுகிறது. நிலுவை ஊதியம், எடுக்காத விடுப்புக்குரிய தொகை, போனஸ், தகுதியுடையோர்க்குப் பணிக்கொடை ஆகியவை கணக்குத்தாளில் வரலாம். வருங்கால வைப்பு நிதியோ அதற்குரிய தனி அமைப்பிடமிருந்து பெறப்படுவது. ஆகவே 'ஃபுல்' என்னும் சொல் உணர்த்தும் தொகுதி வாசிப்பவர்க்குத் தானே விளங்குவதன்று. 'முழு விருந்து' என்றால் அதன் உறுப்புகளைத் தமிழர் எவரும் அறிவர். 'முழுக் கணக்கு' என்றால் அதன் உறுப்புகளை எழுதியவரே அறிவார். இத்தனை என அறியப்பட்ட இடத்திலேயே முற்றும்மை வேண்டும் என்ற பழைய விதியின் நுட்பம் இங்குப் புலனாகிறது.

முறையீட்டின் போதும் இச்சிக்கல் தொடர்கிறது. 'எல்லாப் பணமும் வரவில்லை' என்று ஒருவர் கூறினால் எதுவுமே வரவில்லை எனவும், ஒரு பகுதி வந்தது எனவும் இருவகையாக அதனைக் கொள்ளலாம். 'பணம் எதுவும் வரவில்லை' என்றோ 'ஒரு பகுதிதான் வந்தது' என்றோ கூறும்போதே ஐயம் நீங்கும். எழுத்துவழி முறையீடுகளில் முற்றும்மையோடு எதிர்மறை வினையைப் பயன்படுத்தாமல் தவிர்ப்பது நலம்.

கணக்குத்தாளின் தமிழ் வடிவத்தை 'முழுமையான இறுதிக் கணக்கு' என்று அமைக்கலாம். அதனினும் தெளிவானது, அடங்கும் இனங்களை ஒவ்வொன்றாக எழுதி, 'இவற்றை ஒன்று குறையாமல் பெற்றுக்கொண்டேன்' என்று முடிப்பதாகும். முதலில் தொகுதி எல்லை பெறுகிறது. பின்னர் விடுபாடு மறுக்கப்படுகிறது.

7. முடிவுரை

'ஃபுல் மான்டி' என்னும் தொடரில் 'மான்டி' யார் அல்லது எது என்பது இன்னும் உறுதிப்படவில்லை. எனினும் அத்தொடரைப் பயன்படுத்துவோர்க்கு அதனால் இடர் இல்லை. எதன் முழுமை என்பதைச் சூழல் காட்டிவிடுகிறது. தமிழ்த் தொடர்களில் உம்மை அறியப்பட்ட எண்ணையும், ஓடு உருபு எஞ்சக்கூடிய பகுதியையும், எல்லைச் சொற்கள் இரு முனைகளையும் பற்றி நிற்க, விடுபாடு மறுத்தல் எல்லாவற்றுக்கும் பொதுவாகிறது. கடன் சொற்களும் இவ்வமைப்புகளுக்குள்ளேயே இடம்பெறுகின்றன.

அகராதி தொகுப்போரும் மொழிபெயர்ப்பாளரும் இத்தொடர்களுக்குப் பொருள் எழுதும்போது, 'முழுவதும்' என்பதோடு நில்லாமல், அவை எவ்வகைத் தொகுதியைக் குறிக்கின்றன, எவ்வகை வினையை விரும்புகின்றன, உடன்பாட்டில் வருவனவா எதிர்மறையில் வருவனவா என்னும் மூன்றையும் சுட்டுதல் வேண்டும். பணம், உரிமை, கடமை பற்றிய ஆவணங்களில் இது மேலும் இன்றியமையாதது. அங்கு 'முழுமை' என்னும் சொல்லுக்கு முன்பாக அதன் உறுப்புகள் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.